எட்டயபுரத்து ஏடும் எங்கள் தாள்களும்

கிருஷ்ணன்கோவிலில் எங்கள் கல்லூரி பேண்டு வெளியூர் கிளம்புகிறது என்றாலே தாள் எழுதும் வேலை என் தலையில் விழும். இம்முறை முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள். எல்லாம் சங்கராபரணம், கமகம் கிடையாது, ஐந்து கோட்டில் எழுதச் சுலபம். கிளாரினெட்டுக்கு மட்டும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுத வேண்டும். அது பி பிளாட் வாத்தியம்.

பேண்டுக்கு இவை பொருந்துவதில் வியப்பில்லை. பேண்டிலிருந்து வந்த மெட்டுகள்தானே! தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார் ஆதரவில் இருந்தபோது, சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயர் வாசித்தவை காதில் விழுந்தன. தம்பி பாலுசுவாமி அங்கேதான் வயலின் கற்றார். பின்னர் எட்டயபுரம் அரண்மனை வித்வான் ஆனார். அண்ணன் 1835-இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். எங்களுக்குச் சாத்தூர், கோவில்பட்டி தாண்டினால் அந்த ஊர்.

நம் பாட்டை ஐந்து கோட்டில் அச்சேற்றியவர் சின்னசாமி முதலியார், ஆண்டு 1893. அவர் தூண்டுதலும் சேர்ந்துதான், பாலுசுவாமியின் சுவீகார மகன் சுப்பராம தீட்சிதர் 1904-இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை எட்டயபுரத்தில் வெளியிட்டார். தெலுங்கு நூல். ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி.

சின்னசாமி முதலியாரின் உழைப்பு பெரிது. ஆனாலும் தோடியின் அசைவுக்குக் கோடு போதாது என்பது என் கட்சி. அதனால் கீர்த்தனைகளை ஸரிகமவில்தான் எழுதுகிறேன். எங்கள் புல்லாங்குழல்காரன் எந்தத் தாளையும் பார்ப்பதில்லை. ஒத்திகையில் வயலினைக் கேட்டே பிடித்துவிடுவான். அவனுக்கும் ஒரு ஜெராக்ஸ் உண்டு, பஸ்ஸில் தொலைப்பதற்கு.