மயக்க மருந்து: தாதியர் மாணவர்கள் அறிய வேண்டியவை

அறுவை சிகிச்சையின் வலி தெரியாமலிருக்கக் கொடுக்கப்படுவது மயக்க மருந்து. 1846 அக்டோபர் 16இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மோர்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து இதை மருத்துவர்கள் முன் செய்து காட்டினார். அதன் பிறகே இம்முறை உலகெங்கும் பரவியது.

இன்று மூன்று முறைகள் முக்கியமானவை. முழு மயக்கத்தில் நோயாளிக்கு நினைவிருக்காது. முதுகுத் தண்டில் போடும் ஊசி உடலின் கீழ்ப்பகுதியை மரக்கச் செய்யும். சிசேரியன் பிரசவத்துக்குப் பெரும்பாலும் இதுவே. பல் பிடுங்கும்போது அந்த இடம் மட்டும் மரத்துப்போகும்.

முழு மயக்கத்தில் இருமலும் விழுங்கும் உணர்வும் அடங்கிவிடும். வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் பொதுவாக உணவை 6 மணி நேரத்துக்கு முன்பும் வெறும் தண்ணீரை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்கிறார்கள். பால் கலந்த தேநீரும் மைலோவும் உணவுக் கணக்கில்தான் சேரும்.

“சாப்பிட்டீர்களா?” என்று கேட்டால், விடியற்காலையில் தேநீர் குடித்த பெரியவர்கூட “இல்லை” என்பார். “கடைசியாக என்ன குடித்தீர்கள், எத்தனை மணிக்கு?” என்று கேட்பதே சரி. குடித்திருந்தால் திட்டாமல் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஒவ்வாமை, கழற்றும் பல்செட், குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பதையும் கேட்க வேண்டும்.

சிகிச்சை முடிந்ததும் மூச்சு, ஆக்சிஜன் அளவு, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், நினைவு ஆகியவற்றை அடிக்கடி பார்க்க வேண்டும். குறட்டைச் சத்தத்தை நல்ல தூக்கம் என்று விட்டுவிடக்கூடாது. மூச்சுப்பாதை அடைபடுவதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.