தக்காளிச் சக்கை ஊறுகாய்த் தீவனம்

தக்காளிச் சக்கை ஊறுகாய்த் தீவனம் என்பது தக்காளிச் சாறு, கூழ் முதலியவற்றைத் தயாரிக்கும் ஆலைகளில் எஞ்சும் தோல், விதை, சிறிதளவு சதை ஆகியவற்றைக் காற்றுப் புகாமல் நொதிக்க வைத்துப் பெறப்படும் கால்நடைத் தீவனம் ஆகும். இது ஊறுகாய்ப்புல் (சைலேஜ்) செய்யும் முறையிலேயே தயாரிக்கப்படுகிறது. வளரும் செம்மறிக் குட்டிகளுக்கு, தானியம், உலர்புல் ஆகியவற்றின் ஒரு பகுதிக்கு மாற்றாக இதனை அளிக்கலாம்.

பின்னணி

இத்தாலி, எசுப்பானியா, துருக்கி, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் ஆகியவை ஆலைத் தக்காளி பெருமளவில் விளையும் பகுதிகளாகும். இங்கெல்லாம் அறுவடை கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் சில வாரங்களுக்குள் முடிந்துவிடுகிறது. ஆதலால் சக்கையும் அக்குறுகிய காலத்திலேயே குவிகிறது. அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர் என்பதால், வெப்பக் காலத்தில் சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்துவிடும். வெளியில் கொட்டினால் கசிநீர் நீர்நிலைகளை மாசுபடுத்தும். உலர்த்துவதற்கு எரிபொருள் செலவு மிகுதி. ஊறவைத்துச் சேமிப்பதால் சில வாரங்களில் கிடைக்கும் பொருள் பல மாதங்களுக்குத் தீவனமாகிறது.

சத்துகள்

சக்கையின் உலர்பொருளில் ஏறத்தாழ 20 விழுக்காடு புரதமும் 10 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பும் உள்ளன. கொழுப்பு பெரும்பாலும் விதையிலிருந்து வருவது. நார்ப்பொருளும் மிகுதி, புரதத்தின் ஒரு பகுதி அந்நாருடன் பிணைந்திருப்பதால் முழுவதும் செரிமானம் ஆவதில்லை. தீவனத்தில் கொழுப்பு மிகுந்தால் அசையூண் வயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிரிகளின் செயல் குன்றும். இக்காரணங்களால் சக்கையை மட்டுமே தனித்தீவனமாக அளித்தல் கூடாது.

செய்முறை

சக்கை இயல்பாகவே புளிப்புத் தன்மை உடையது. இது பதப்படுத்தலுக்குத் துணை செய்கிறது. ஆனால் ஈரம் மிகுந்திருப்பதால் சத்துகள் கசிநீருடன் வெளியேறும். எனவே நறுக்கிய வைக்கோலைக் கலந்து உலர்பொருளை 30 விழுக்காடு அளவுக்கு உயர்த்த வேண்டும். சான்றாக, 25 விழுக்காடு உலர்பொருள் உள்ள 92 கிலோ சக்கையுடன், 90 விழுக்காடு உலர்பொருள் உள்ள 8 கிலோ கோதுமை வைக்கோலைச் சேர்த்தால் இவ்வளவு கிடைக்கும். இக்கலவையின் உலர்பொருளில் புரதம் ஏறத்தாழ 16 விழுக்காடாக இருக்கும்.

* சக்கை ஆலையிலிருந்து வந்த அன்றே கலவையைக் குழியில் இடவேண்டும்.
* அடுக்கடுக்காகப் பரப்பி, காற்று வெளியேறுமாறு நன்கு அழுத்த வேண்டும்.
* நெகிழித் தாளால் மூடி, மேலே பாரம் வைக்க வேண்டும்.
* குறைந்தது மூன்று முதல் நான்கு வாரங்கள் திறவாமல் விட வேண்டும்.

இக்காலத்தில் இலாக்டிக் அமில நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. நன்கு பதப்பட்ட தீவனத்தின் அமிலத்தன்மைச் சுட்டெண் (பி.எச்.) ஏறத்தாழ 4 ஆக இருக்கும், இனிய புளிப்பு மணம் வீசும்.

குட்டிகளுக்கு அளித்தல்

அசையூண் வயிறு வளர்ச்சி அடையாத இளங்குட்டிகளுக்கு இது ஏற்றதன்று. பால் மறந்த குட்டிகளுக்குச் சிறிதளவில் தொடங்கி, இரண்டு வாரங்களில் படிப்படியாகக் கூட்டலாம். எரிசக்திக்காக வாற்கோதுமை அல்லது மக்காச்சோளம் உடன் அளிக்கப்படும். தானியத்தில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பாசுபரசு மிகுதி. இச்சமநிலை தவறினால் கிடாக்குட்டிகளுக்குச் சிறுநீர்க் கற்கள் தோன்றக்கூடும். இதனைத் தவிர்க்கச் சுண்ணாம்புக்கல் தூள் சேர்க்கப்படுகிறது.

எச்சரிக்கைகள்

சரியாக மூடப்படாத தீவனத்தில் காற்றுப் புகுந்து அமிலத்தன்மை குறைந்தால் லிசுடீரியா என்னும் பாக்டீரியா பெருகும். செம்மறியாடுகள் இதனால் எளிதில் தாக்கப்படுபவை. மூளை பாதிக்கப்பட்ட ஆடு தலையைச் சாய்த்து ஒரே திசையில் சுற்றிவரும், பெரும்பாலும் இறந்துவிடும். ஆகவே பூஞ்சை படிந்த அல்லது கெட்ட நாற்றமுடைய பகுதிகளை முற்றிலும் நீக்கிவிட வேண்டும். திறந்த குழியிலிருந்து நாள்தோறும் முகப்பு முழுவதும் ஓர் அடுக்கு எடுக்கவேண்டும்; தொட்டியில் மீந்ததை அன்றே அகற்றவேண்டும். தோலில் பூச்சிக்கொல்லி எச்சம் தங்கக்கூடும் என்பதால், ஆலையில் நன்கு கழுவப்பட்ட பழங்களின் சக்கையையே பயன்படுத்துதல் நன்று.

இவற்றையும் பார்க்கவும்

* ஊறுகாய்ப்புல்
* செம்மறியாடு
* நொதித்தல்