காகத்தின் கழுத்தும் வான்வழிப் பாடமும்

குச்சனூருக்குச் சென்று வந்தவர் எவரும் காகங்களைக் காணாமல் திரும்பியிருக்க இயலாது. சுரபி ஆற்றங்கரையில் அமைந்த சனீசுவரர் கோவிலில் காகத்திற்கு உணவிடுதல் வழிபாட்டின் ஒரு பகுதி. ஆடிச் சனிக்கிழமைகளில் மக்கள் திரள்வர். காகங்களுக்கும் அன்று விருந்துதான். வேறு சமயத்தைச் சார்ந்த நாம் அவ்வழிபாட்டை மரியாதையோடு விலகி நின்று காண்பவர்கள். ஆயினும் பறவையைப் பார்ப்பதற்கு எச்சமயமும் தடை விதிப்பதில்லை. கழுத்து சாம்பல் நிறமாய் இருப்பது வீட்டுக் காகம்; உடல் முழுதும் கறுத்து, அலகு தடித்திருப்பது அண்டங்காக்கை. இவ்விரண்டின் கூட்டிலும் குயில் தன் முட்டையை இட்டுச் செல்லும். வளர்ப்பது காகத்தின் பொறுப்பு. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் கொக்குகள் நிற்கும். தலைக்கு மேலே மேகமலை. ஓர் ஆண்டு முழுவதும் கற்பித்தாலும் தீராத பாடநூல் இங்கே திறந்தே கிடக்கின்றது.

இத்தகைய ஊரில் வாழும் ஏழாம் வகுப்புப் பிள்ளை 2020ஆம் ஆண்டில் உயிரினங்களைப் பற்றி எங்கே கற்றது? தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து கற்றது.

கொள்ளைநோய் காரணமாக 2020 மார்ச்சு மாதத்தில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது 2021 நவம்பர் 1 அன்று. ஆறாம் வகுப்பின் இறுதியில் வீடு திரும்பிய பிள்ளை, எட்டாம் வகுப்பு மாணவனாகத்தான் மீண்டும் பள்ளி வாயிலை மிதித்தது. ஏழாம் வகுப்பு முழுவதும் தொலைவிலிருந்தே வந்தது. 2019 ஆகஸ்டு 26 அன்று தமிழக அரசு தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சி அவ்வேளையில் பேருதவியாய் அமைந்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். கைப்பேசியும் இணையமும் இல்லாத எத்தனையோ வீடுகளில் அது ஒன்றே ஆசிரியர்.

குறை கூறுவது எளிது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிரையும், கடலடியில் வாழும் உயிரையும் திரையில் காட்டியதுபோல் எந்தக் கிராமத்து ஆசிரியரும் கரும்பலகையில் காட்டிவிட முடியாது. ஆனால் திரையால் இயலாத ஒன்று உண்டு. ஒரே பாடம் கன்னியாகுமரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் செல்வதால், அது குச்சனூரின் காகத்தை அறியாது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. தம் வீட்டு முற்றத்திலிருந்து காணும் மலை புலிகளின் காப்பகமாகியபோது, அம்மலையைச் சுட்டிக்காட்டி அதைச் சொல்ல வகுப்பறையில் ஆசிரியர் இல்லை. தொலைவில் உள்ளது அருகில் வந்தது; அருகில் இருந்ததோ தொலைவாயிற்று.

இவ்விடர்ப்பாட்டை நம் நாட்டு அறிஞர்கள் முன்னரே உணர்ந்திருந்தனர் என்பதுதான் வரலாறு நமக்குச் சொல்லும் செய்தி. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 சூலை 31 வரை, அமெரிக்கா கடனாக அளித்த ஏ.டி.எஸ்.-6 என்னும் செயற்கைக்கோளின் வழியாக, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி சென்றது. தமிழகம் அவற்றுள் இல்லை. நமக்கு அண்டையில் ஆந்திரமும் கருநாடகமும் இருந்தன. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பி வலையால் செய்த அலைவாங்கியை நிறுத்தி, விண்ணிலிருந்து வந்த படத்தை ஊரே கூடிப் பார்த்தது. காலையில் ஐந்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு அறிவியல் முதலிய பாடங்கள். மாலையில் உழவு, உடல்நலம் பற்றிய நிகழ்ச்சிகள். அகமதாபாத்து விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் இயக்குநராயிருந்த இயற்பியலறிஞர் யஷ்பால் இம்முயற்சியை முன்னின்று நடத்தினார்.

இதில் என்னை வியக்க வைப்பது செயற்கைக்கோள் அன்று. அந்த ஓராண்டுக்குள்ளேயே தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் பல்லாயிரவருக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சி அளித்தார்கள் என்பதே. தொலைக்காட்சியும் வானொலியும் ஒருபுறம். கையால் செய்து பார்க்கும் செய்முறைகள் மறுபுறம். விண்ணிலிருந்து பாடம் வந்தாலும் மண்ணில் ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று அவர்கள் கருதியிருக்க வேண்டும். ஓராண்டு முடிந்தது, கோள் திரும்பிச் சென்றது.

ஏறக்குறைய அதே காலத்தில், மத்தியப் பிரதேசத்தின் ஓசங்காபாத்து மாவட்டத்தில் வேறொரு முயற்சி எளிமையாக நடந்துகொண்டிருந்தது. 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கியது அது. பிள்ளைகள் வயலுக்குச் சென்றனர், இலைகளைத் திரட்டினர், தாமே கண்டதைத் தாமே எழுதினர். ஐயம் எழுந்தால்? ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்குக் கடிதம் எழுதலாம். இந்தியில் ‘சவால்’ என்றால் கேள்வி. ஆகவே அவரைக் ‘கேள்வியப்பன்’ என நாம் அழைக்கலாம். ஏராளமான கடிதங்கள் வந்தன. அஞ்சல் வழியே விடைகளும் சென்றன. அரசு அத்திட்டத்தை 2002இல் நிறுத்திவிட்டது. அதன் நிறைகுறைகளைக் கல்வியாளர் பேசட்டும். தொலைதூரக் கல்வியின் மிகச் செம்மையான வடிவம் அந்த அஞ்சலட்டையே என்று நான் கருதுகிறேன். தொலைக்காட்சியில் கேள்வி மேலிருந்து கீழே வருகிறது. அஞ்சலட்டையிலோ அது பிள்ளையிடமிருந்து புறப்படுகிறது. கேட்பதற்கு முன் அது வெளியே சென்று எதையேனும் உற்றுப் பார்த்திருக்க வேண்டும் அல்லவா? நம் தமிழகத்திலும் 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழ் வெளிவந்தது. அதற்குச் சந்தா கட்டிய பங்குத்தளங்கள் எத்தனை என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

இறையியல் பயின்றவனுக்கு இங்கே புனித கிளாராவின் நினைவு வருவது இயல்பு. நோய்ப்படுக்கையில் கிடந்த அவர், செல்ல இயலாத கிறிஸ்து பிறப்பு விழாத் திருப்பலியைத் தம் அறையிலிருந்தே காட்சியாகக் கண்டார் என்பது மரபு. அதனால்தான் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1958இல் அவரைத் தொலைக்காட்சியின் பாதுகாவலியாக அறிவித்தார். கிளாரா கண்டார், ஆறுதல் பெற்றார். ஆனால் எழுந்து நடக்க இயன்ற நாளில் அவர் கோவிலுக்குத்தானே சென்றிருப்பார்? 2020இல் வெற்றுக் கோவிலில் திருப்பலி நிறைவேற்றிய குருக்கள் அனைவரும் இதை அறிவர். திரையில் பார்த்த பங்குமக்கள் நற்கருணையை நாவில் பெறவில்லை. வார்த்தை மனுவுருவானார் என்று அறிக்கையிடும் நாம், உடலோடு அருகிருத்தலின் பொருளைப் பிறரைவிட நன்கு உணர வேண்டியவர்கள். ஆண்டவரும் வானத்துப் பறவைகளைப் பற்றியும் காட்டு மலர்களைப் பற்றியும் மலைமேல் அமர்ந்து போதித்தபோது, கேட்டவர்கள் தலைநிமிர்ந்தால் பறவை தெரிந்திருக்கும். குனிந்தால் மலர் தெரிந்திருக்கும்.

பழனி மலைத்தொடரில், செண்பகனூரில், இயேசு சபையார் 1895இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவினர். அங்கே வாழ்ந்த அங்கிலாத் அடிகளார் மலைச் செடிகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். குருமாணவர்களுக்கு அக்காடே வகுப்பறை.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் தமிழக அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மாலை வேளைகளில் தன்னார்வலர்கள் பிள்ளைகளின் குடியிருப்புக்கே சென்று, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்குக் கற்பித்தனர். மேலே செயற்கைக்கோள்கள் பல சுற்றிக்கொண்டிருக்க, மீண்டும் ஒரு மனிதர் திண்ணையில் வந்து அமர வேண்டியதாயிற்று.

பள்ளிகள் திறந்த சில வாரங்களில் குச்சனூர் வழியாகச் செல்ல நேர்ந்தது. தேநீர்க் கடையருகே நின்ற எட்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவனிடம், தொலைக்காட்சியில் என்ன படித்தாய் என்று கேட்டேன். விலங்குகளின் வகைப்பாட்டைத் தடங்கலின்றி ஒப்பித்தான். ஆசிரியரைப் பாராட்ட வேண்டும். கூரைமேல் இருந்த காகத்தைக் காட்டி, அதன் கழுத்து என்ன நிறம் என்றேன். “காக்கா கறுப்புதானே சாமி” என்றான், நிமிர்ந்து பாராமலே. பிறகு பார்த்தான். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். “சாமி, அந்தக் கரண்டுக் கம்பத்துல உக்காந்திருக்கே, அது மட்டும் ஏன் முழுக்கக் கறுப்பா இருக்கு?” என்று கேட்டான்.

பேருந்து புறப்பட ஆயத்தமாயிற்று. நான் ஏறவில்லை.