கொழுந்துக் கூடையும் சட்டப் புத்தகமும்: பெருநிறுவனச் செல்வாக்கை எதிர்க்கும் போராட்டத்தின் பயன்

பொதிகை மலையின் கிழக்கே பாபநாசம். மேற்கே, திருவனந்தபுரம் மாவட்டத்து விதுரா ஊராட்சியில், போனக்காடு. வெள்ளையர் காலத்தில் போட்ட தேயிலைத் தோட்டம் அது. கொழுந்து பறிக்க மலையேறிய தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். தோட்டத்துத் தொழிற்சாலை ஓய்ந்து ஆண்டுகள் பல ஆயின. கூலி பாக்கியும் கிராஜுவிட்டியும் கைக்கு வராமல், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டைக் காலி செய்ய முடியாது என்று இடிந்த கூரைக்கடியிலேயே தங்கியவர்கள் உண்டு. பெருநிறுவனங்கள் அரசியலில் செலுத்தும் செல்வாக்கை எதிர்த்துத் தெருவில் இறங்குவதால் பயன் உண்டா என்ற கேள்வியை அந்த லயங்களை மனத்தில் வைத்தே எழுப்ப வேண்டும். பயன் உண்டு, ஆனால் அது சட்டத்தின் எழுத்தாகும் வரை நிலைக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

செல்வாக்கு குடியிருக்கும் இடம்

பெருநிறுவனச் செல்வாக்கு என்றதும் கைமாறும் பணமே நினைவுக்கு வருகிறது. அதன் நிலையான இருப்பிடம் சட்ட வாசகம். 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969இல் திருத்தப்பட்டு, 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறையை ஒழித்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்புக்காரர் தம் குடிசை நின்ற மண்ணுக்கு உரிமை பெற்றார். ஆனால் அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு அளித்தது. துண்டு போட்டால் உற்பத்தி குலையும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அது புறந்தள்ளத்தக்க காரணமும் அன்று. ஆயினும் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழ்ந்தவருக்கு ஒரு சென்ட் மண்ணும் சொந்தமாகவில்லை.

இன்னொரு சான்று. வெளிநாட்டு மூலமாகக் கருதப்பட்ட வேதாந்தா குழும நிறுவனங்களிடம் நன்கொடை பெற்றதன் மூலம் காங்கிரசும் பாரதிய ஜனதாவும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை மீறின என்று 2014 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிறகு 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியே, வெளிநாட்டு நிறுவனம் எது என்பதற்கான விளக்கமே 1976 வரை பின்னோக்கித் திருத்தப்பட்டது. மீறப்பட்ட சட்டம் மீறியவருக்கு ஏற்ப வளைந்தது.

மறுப்பும் மூணாறும்

போராட்டம் வீண் என்போரின் வலுவான வாதம் அமெரிக்கப் பொருளியலாளர் மான்சர் ஓல்சன் 1965இல் முன்வைத்தது. பெரும் நலன் உள்ள சிறு குழு எளிதில் ஒன்றுசேரும். பலருக்குச் சிறிது சிறிதாக நட்டம் என்றால் அவர்கள் சேர மாட்டார்கள், அடுத்தவர் உழைக்கட்டும் என்று ஒதுங்குவார்கள். தேர்தல் நன்கொடைச் சட்டம் திருத்தப்படும்போது தெரு அமைதியாக இருப்பதை இந்த வாதம் நன்றாகவே விளக்குகிறது.

ஆனால் கேரளத்தின் மூணாற்றில் 2015 செப்டம்பரில் நடந்தது அதற்குள் அடங்கவில்லை. அங்குள்ள கண்ணன் தேவன் தேயிலைத் தோட்டங்களில் போனஸ் 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டபோது, பெரும்பாலும் தமிழரான பெண் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். நிர்வாகத்தோடு இணங்கிப் போனவர்கள் என்று குற்றஞ்சாட்டி, கட்சிச் சார்புள்ள தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கி வைத்தனர். அந்த இயக்கத்துக்குப் 'பெம்பிளை ஒருமை' என்று பெயர். அதன் முதன்மையான அரசியல் செயல் இந்த விலக்கலே. நிறுவனத்தின் செல்வாக்குத் தொழிலாளியிடம் வந்து சேர்வது இடையில் நிற்பவர் வழியாகத்தான். அந்த இடைவழியை அவர்கள் அடைத்தார்கள். ஒரே லயத்தில் வாழ்ந்து ஒரே மலையில் நிரை பிடித்துக் கொழுந்து பறிப்பவர்கள் ஓல்சன் கற்பித்த சிதறிய கூட்டம் அல்லர். செப்டம்பர் 13 அன்று, கருணைத் தொகையும் சேர்த்து, 20 விழுக்காடு ஏற்கப்பட்டது. அக்டோபரில் தேயிலைத் தோட்ட நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. கேட்டது 500.

போராட்டத்துக்குப் பின்

வெற்றியின் எல்லையும் அங்கேயே தெரிந்தது. நவம்பர் உள்ளாட்சித் தேர்தலில் சில இடங்களை வென்ற அமைப்பு, விரைவிலேயே பிளவுகளால் தேய்ந்தது. தோட்டத் துறையை ஆராய அரசு அமைத்த நீதிபதி கிருஷ்ணன் நாயர் ஆணையத்தின் அறிக்கையைத் தொடர்ந்து, 2018இல் தோட்ட வரி நீக்கப்பட்டது. வேளாண் வருமான வரியும் நிறுத்தி வைக்கப்பட்டது. தேயிலை விலை சரிவால் தோட்டங்கள் நலிந்திருந்தது உண்மை. ஆனால் உரிமையாளர் பெற்ற சலுகை சட்டத்தில் ஏறியது. லயத்து மண்ணின் உரிமை ஏறவில்லை. தெருக் கூட்டம் கலைந்த பின்னும் தலைமைச் செயலக வாசலில் நிற்க ஆள் வைத்திருந்தவர்கள் ஒரு தரப்பினர் மட்டுமே.

போனக்காட்டின் நிலை இதனினும் கடினம். மூணாற்றில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்த முடிந்தது. உற்பத்தி நின்றுபோன தோட்டத்தில் வேலைநிறுத்தம் யாரையும் வருத்தாது. அங்கே போராட்டம் அரசை நோக்கித்தான் திரும்ப முடியும். கேட்க வேண்டியதும் தெளிவானது. வீடும் மருத்துவமும் தருவது முதலாளியின் கடமை என்றது, 2025 வரை நடைமுறையில் இருந்த 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். முதலாளி கைவிட்டுப் போனால் அந்தக் கடமையை யார் ஏற்பது என்பதைச் சட்டம் சொல்லியாக வேண்டும்.

எழுத்தில் புகுந்த செல்வாக்கை எழுத்தால் வெளியேற்ற முடியும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. நிறுவன நன்கொடைக்கு இருந்த 7.5 விழுக்காடு இலாப வரம்பை 2017இல் நீக்கிய திருத்தத்தையும் தேர்தல் பத்திரத் திட்டத்தையும் 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் செல்லாதவை என்றது. விடாமல் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடத்தியவர்களால் அது கிட்டியது.

ஆகவே போராட்டம் வீண் என்பது பிழை. போராட்டமே போதும் என்பதும் பிழை. சாலையில் அமர்ந்த பெண்கள் இல்லையேல் 301 ரூபாய் இல்லை. அவர்கள் எழுந்து போன பின் சட்டத்தைத் தொடர்ந்து கவனிக்க ஓர் அமைப்பு இல்லாததால் மண்ணும் இல்லை. போனக்காட்டு லயங்களில் வாழ்ந்தோருக்கு நிலுவையும் நில உரிமையும் தரும் சட்டப் பிரிவு ஒன்று எழுதப்பட வேண்டும். இனி எழும் போராட்டம் அந்த ஒரு பிரிவைக் கையில் எழுதி எடுத்துக்கொண்டே தெருவில் இறங்கட்டும்.