நின்ற கடிகாரமும் நில்லாத காலமும்

சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்பர் சிலர். நாம் கேட்கிறோம்: ஆகாமற் போனது வீட்டுக்கா, வில்லுக்கா? விடை ஆரூடத்தில் இல்லை. கடிகாரத்தின் வரலாற்றில் இருக்கிறது.

1656ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை அமைத்தார். ஊசலைச் சட்டைப் பையில் சுமக்க முடியுமோ? முடியாது. ஆகவே 1675இல், மெல்லிய சுருள்வில்லைச் சமன்சக்கரத்தோடு இணைக்கும் முறையை வெளியிட்டார். சாவி கொடுத்ததும் பெரிய வில் முறுக்கேறுகிறது. அதன் விசை பற்சக்கரங்களை உந்துகிறது. அவ்விசை ஒரே மூச்சில் ஓடிவிடாதபடி ஒரு கவை தடுத்துத் தடுத்து விடுக்கிறது. அந்தத் தடுப்பும் விடுப்புமே நாம் கேட்கும் 'டிக் டிக்'. பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் மணிக்கு 18,000 துடிப்பு; நாளொன்றுக்கு 4,32,000!

இவ்வளவு உழைக்கும் பொறி ஏன் நிற்கிறது? சாவி தீர்ந்திருக்கும், அல்லது வில் அறுந்திருக்கும். எண்ணெய் உலர்ந்து பிசினாகியிருக்கும். தூசி பல்லிடுக்கில் புகுந்திருக்கும். வியர்வையும் மழைநீரும் துரு ஏற்றியிருக்கும். கீழே விழுந்ததில் சமன்சக்கரத்தின் மயிரனைய அச்சுமுனை முறிந்திருக்கும். ஒலிபெருக்கியின் காந்தம் பட்டுச் சுருள்வில்லின் சுற்றுகள் ஒட்டினால் கடிகாரம் தாறுமாறாக விரையும். சில வேளை நின்றும் போகும். காரணங்கள் பல, ஆனால் கண்ணுக்கும் கருவிக்கும் அகப்படாத காரணம் ஒன்றுமில்லை.

செய்ய வேண்டியதென்ன? நாள்தோறும் ஒரே வேளையில் சாவி கொடுங்கள், இறுகியபின் முறுக்காதீர்கள். தேங்காய் எண்ணெய் சொட்டாதீர்கள். அது தூசியைச் சேர்த்துப் பசையாகும். நனைந்தால் அன்றே பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். சில ஆண்டுகளுக்கொரு முறை பிரித்துக் கழுவி, உரிய எண்ணெய் இடச் செய்யுங்கள். காந்தம் ஏறியிருந்தால் அதை நீக்கும் கருவியும் உண்டு. ஓமம் வளர்க்க வேண்டியதில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியும் ஊசிமுனைத் திருப்புளியும் போதும்.

பொறியை இப்படித் திருத்தும் மனிதனே பொழுதையும் வகுத்தான். 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை நுங்கம்பாக்கத்தில் வானாய்வகம் எழுப்பியது. அங்கே விண்மீன்களைக் கண்டு கணித்த சென்னை நேரமே பின்னர் இருப்புப்பாதைகளுக்கும் நேரமாயிற்று. 1906 ஜனவரி 1ஆம் நாள் இந்தியப் பொதுநேரம் வந்தது. சென்னையின் முள் ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளப்பட்டது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பதுவரை ராகுகாலம் என்கிறார்களே, அரசாணை கேட்டு ராகுவும் 9 நிமிடம் நகர்ந்தாரோ?

ஆலங்காயத்தை அடுத்த ஜவ்வாது மலையில், காவலூரில், வானாய்வகம் ஒன்று இருக்கிறது. அதை நிறுவிய அறிஞர் வைணு பாப்புவின் பெயரே 1986இல் அதற்குச் சூட்டப்பட்டது. 1977 மார்ச் 10ஆம் நாள், யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நிகழ்ச்சியை அங்கே நோக்கினர். கோள் மறைக்கும் முன்பே விண்மீனின் ஒளி சில நொடி மங்கி மீண்டது. பிற இடங்களிலும் அத்தகைய மங்கல்கள் பதிவாயின. நொடிக்கணக்கை ஒப்பிட்டபோது, யுரேனஸைச் சுற்றி வளையங்கள் உண்டென்ற உண்மை உலகுக்குத் தெரிந்தது. நொடியைப் போற்றியவர்கள் புதிய உண்மையைக் கண்டார்கள். நேரத்தில் நல்லதும் கெட்டதும் பார்த்தவர்கள் எதைக் கண்டார்கள்? ராகு என்பது கோளன்று. நிலவின் பாதையும் கதிரவனின் தோற்றப்பாதையும் வெட்டும் ஒரு புள்ளி. கணக்கில் உண்டு, கண்ணுக்கு இல்லை!

இந்தப் புள்ளிக்கு அஞ்சி, காய்ச்சலில் துவளும் குழந்தையை ஒன்றரை மணிநேரம் கழித்தே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லும் கொடுமை இன்னும் ஓயவில்லை. தோழர்களே! கடிகாரத்தின் 4,32,000 துடிப்புகளில் நல்ல துடிப்பு எது, கெட்ட துடிப்பு எது? அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு துடிப்பும் உயிர். நின்ற கடிகாரத்துக்குக் காரணம் தேடும் அறிவை, நின்றுபோன வழக்கங்களின் மீதும் செலுத்துவோம், தூசி தட்டுவோம், துரு நீக்குவோம்!