பரணில் இருந்த ஐந்து டேப்புகள்

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் வீட்டுப் பரண் ஒழுகியது. சாமான்களை இறக்கும்போது ஒரு பிஸ்கட் டின் கிடைத்தது. உள்ளே ஐந்து வீடியோ டேப்புகள். நான்கில் சுருளின் மேல் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. ஐந்தாவது மட்டும், யார் செய்த புண்ணியமோ, சுத்தமாக இருந்தது. மேலே என் கையெழுத்தில் ‘தீபாவளி 1994’.

என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேமில் எடுத்தவை அவை. கல்யாண வீடியோக்காரர்கள் தோளில் சுமந்த பெரிய கேமராக்கள் நினைவிருக்கிறதா? அவற்றில் பலவும் 1976-இல் வந்த வி.எச்.எஸ். வகை, டேப்பின் அகலம் அரை அங்குலம். எங்களுடையது 1985-இல் வந்த ‘வீடியோ 8’. டேப்பின் அகலம் 8 மில்லிமீட்டர், அதனால் அந்தப் பெயர். உள்ளங்கையில் அடங்கும் கேசட்டில் 90 நிமிடம் எடுக்கலாம்.

1999-இல் அம்மா காலமானாள். 2003-இல், ‘அம்மா இருக்கிற வீடியோவை எல்லோருக்கும் ஒரு காப்பி போட்டுக் கொடுங்களேன் அண்ணா’ என்று தங்கை கேட்டாள். டேப்புகளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரப் பையன் நியாயமாகத்தான் கேட்டான்: “சார், ஹார்ட் டிஸ்கில் அப்படியே ஏற்றித் தரவா, வி.சி.டி.யாகப் போடவா?”

‘அப்படியே’ என்றால் டிஜிட்டல் வீடியோ என்ற ஃபார்மேட். 1995-இல் வந்தது. சுருக்கமாக டி.வி. என்பார்கள், தொலைக்காட்சிப் பெட்டியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று இங்கே முழுப்பெயரையே எழுதுகிறேன். அது ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காக மட்டுமே சுருக்கும். ஒரு மணி நேரத்துக்கு 13 ஜி.பி. ஆகும். ஐந்து டேப்புக்குக் கிட்டத்தட்ட 100 ஜி.பி. அன்று என் கம்ப்யூட்டரின் மொத்தக் கொள்ளளவே 40 ஜி.பி.தான்!

வி.சி.டி. 1993-இல் வந்தது. அதில் இருப்பது எம்பெக்-1. அகலத்துக்கு 352, உயரத்துக்கு 288 புள்ளிகள். டிஜிட்டல் வீடியோவில் அது 720-க்கு 576. அதாவது நான்கில் மூன்று பங்கு புள்ளிகள் முதலிலேயே போய்விடும். பிறகு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் உள்ள மாற்றத்தை மட்டும் எழுதி இன்னும் சுருக்கும். ஒரு மணி நேரம் சுமார் 600 எம்.பி.யில் அடங்கிவிடும். ஒரு சி.டி.யில் 74 நிமிடம்.

நான் கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தில் இருந்தவன். கணக்குப் போட்டேன். “வி.சி.டி.யே போதும் தம்பி” என்றேன். பத்துத் தட்டுகள் வந்தன. எல்லாரும் பார்த்து அழுதோம், சிரித்தோம். இனி டேப்புக்கு என்ன வேலை என்று பரணில் போட்டேன். வி.சி.டி. போட்டது தப்பில்லை. தட்டு இருக்கிறதே என்று டேப்பை மறந்ததுதான் தப்பு.

பிழைத்த டேப்பைத் தங்கை மகன் எடுத்துக்கொண்டு போனான். ‘டிஜிட்டல் 8’ என்று 1999-இல் ஒரு கேமரா வகை வந்தது. அதில் சில மாடல்கள் பழைய வீடியோ 8 டேப்பையும் ஓட்டும். ஓட்டும்போதே டிஜிட்டல் வீடியோவாக மாற்றி ஃபயர்வயர் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். நண்பரிடம் அப்படி ஒன்றை இரவல் வாங்கியிருந்தான். இப்போதைய கம்ப்யூட்டர்களில் ஃபயர்வயர் துளை கிடையாது என்பதால் பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் தேடிப் பிடித்தான்.

“மாமா, எந்த ஃபார்மேட்டில் எடுக்கட்டும்? சின்னதாகவா?”

“ஒன்றையும் குறைக்காதே. வருவதை அப்படியே எடு” என்றேன். இருபது ஜி.பி.க்குச் சற்றுக் குறைவாக வந்தது. இன்றைக்கு அது ஒரு விரல் நீள பென் டிரைவில் அடங்குகிறது.

அன்று இரவு பழைய தட்டையும் புதிய நகலையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். அம்மா கூடத்தில் உட்கார்ந்து முறுக்கு சுற்றுகிறாள். தட்டில் அவள் முகம் கட்டம் கட்டமாக, தண்ணீரில் நனைந்த ஃபோட்டோ போல இருக்கிறது. புதிய நகலில் அவள் நிமிரும்போது மூக்குத்தியில் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. தங்கை, “அந்த ஏழு கல் மூக்குத்திடா அண்ணா” என்றாள். பிறகு யாரும் ஒன்றும் பேசவில்லை.

அரிசியை மாவாக்கலாம், மாவை அரிசியாக்க முடியாது. சுருக்கிய வீடியோவும் அப்படித்தான். நான் வி.சி.டி. போட்ட அதே 2003-இல்தான் எச்.264 என்ற சுருக்கும் முறையும் வெளியானது. இன்று செல்போனில் நாம் பார்க்கும் எம்.பி.4 வீடியோக்களில் பெரும்பாலானவை அதுதான். குறைக்காத முதல் நகல் இருந்தால், அதிலிருந்து நல்ல எம்.பி.4 எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். நாளைக்கு வேறு ஃபார்மேட் வந்தால் அதிலும் எடுக்கலாம். வி.சி.டி.யிலிருந்து எடுத்தால் மங்கலின் மேல் மங்கல்தான். இப்போது பெரிய நகலை இரண்டு ஹார்ட் டிஸ்கில், ஒன்று என்னிடமும் ஒன்று தங்கை வீட்டிலுமாக வைத்திருக்கிறோம். பேரப்பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் போனது சின்ன எம்.பி.4.

பூஞ்சை பிடித்த நான்கில் ஒன்றில் அப்பாவின் சதாபிஷேகம் இருக்கிறது. அப்படியே ஓட்டினால் டேப்பும் போகும், கேமராவின் ஹெட்டும் போகும் என்றார்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். அதுவரை அப்பா அந்த மங்கல் தட்டில்தான் இருக்கிறார்.

வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓட்டும் கருவிகள் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் பரணிலும் ஒரு பிஸ்கட் டின் இருக்கலாம். அடுத்த மழைக்கு முன் இறக்கிப் பாருங்கள்.