பெங்களூரின் இலையுதிர்காலம்

ஐரோப்பாவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் இலைகள் பொன்னிறமும் செந்நிறமும் கொள்கின்றன. பெங்களூரில் அது மழை ஓயாத காலம். பழந்தமிழர் வகுத்த ஆறு பெரும்பொழுதுகளில் அது கூதிர். இங்கு இலைகள் நிறம் மாறுவது பனிக்காலத்தில்தான்.

எங்கள் வீட்டுத் தோட்டத்து நாட்டு வாதுமையின் அகன்ற இலைகள் தை மாதத்தில் சிவந்து உதிர்கின்றன. மாசி பங்குனியில் தெருமுனை அரசமரம் இலை உதிர்த்துச் செம்புநிறத் தளிர் விடுகிறது. குளிர்நாடுகளில் பகற்பொழுது சுருங்குவதும் குளிரும் இலையுதிர்வைத் தூண்டுகின்றன. இங்கோ, மழைக்குப் பிந்தைய வறட்சியில் நீரைக் காக்கவே பல மரங்கள் இலைகளைத் துறக்கின்றன.

இந்நகரின் மரங்களுக்கு வரலாறு உண்டு. 1760இல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கினார். ஜெர்மனியின் டிரெஸ்டன் அருகே பிறந்து, லண்டன் கியூ தோட்டத்தில் பணியாற்றிய குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பிகல், பரோடா வழியாக 1908இல் இங்கு வந்து, 1932 வரை லால்பாக்கை நிருவகித்தார். ஒரு மரத்தின் பூ முடியும்போது மற்றொன்று பூக்குமாறு சாலைமரங்களைத் தேர்ந்த திட்டம் அவருடையது என்பர். தென் அமெரிக்க ஜகரண்டாவும் மடகாஸ்கர் குல்மொஹரும் இன்று இந்நகரின் அடையாளங்கள்.

பூக்களுக்கு இவ்வாறு ஒரு நாட்காட்டி கிடைத்தது. இலைகளுக்கு அது வாய்க்கவில்லை. பூ உதிர்ந்தால் படம் எடுக்கும் நாம், இலை உதிர்ந்தால் குப்பை என்கிறோம். எங்கள் வாதுமையையும் வெட்டிவிடுமாறு அண்டைவீட்டார் கேட்டுவிட்டனர். அம்மரத்தின் முதல் சிவந்த இலையை நாளிட்டுக் குறித்துவைத்துள்ளேன். உங்கள் தெருமரத்துக்கும் ஒரு குறிப்பு எழுதுங்கள். வெட்டப்பட்டபின் அதற்கு வேறு சான்று இராது.